ரெண்டு செக்கன் கரண்ட் கட்தான் மோசம்

"கரண்ட் போகும்போது டீவிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த கையோடு 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு முடிந்தது கதை. போகும்போது வராத பழுது வரும்போது எப்படி வருகிறது?" என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே, கரண்ட் போனது வெறும் ரெண்டு செக்கன்தான் என்றும் எழுதியிருக்கிறார். விடை அங்கேதான் இருக்கிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடலாம். நம் சுவரில் வருவது 230 வோல்ட் ஆடலோட்டம் (ஏசி), அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். அதன் உச்சம் 325 வோல்ட். டீவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் நாலு இருவாயிகள் (டயோட்) அதை ஒரே திசைக்குத் திருப்ப, ஒரு பெரிய கொள்ளளவி (கப்பாசிட்டர்) அதைச் சேர்த்து வைத்து ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கிறது. டெஸ்க்டொப் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் 470 மைக்ரோபரட் கொள்ளளவி சாதாரணம்.

வில்லங்கம் என்னவென்றால், காலியாக இருக்கும் கொள்ளளவியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தமே (வோல்ட்) கிடையாது. மின்சாரத்தின் பார்வையில் அது வெறும் கம்பித் துண்டு. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் காலி பஸ் வந்து நின்றால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். வயர், இருவாயி எல்லாம் சேர்ந்து ஒன்றரை ஓம் தடை என்று வையுங்கள். 325-ஐ 1.5-ஆல் வகுத்தால் 200 அம்பியருக்கு மேல். ஒரு மில்லிசெக்கன் அளவுக்குத்தான், ஆனால் இருவாயியை உடைக்க அது போதும்.

இதைத் தடுக்க வைத்திருக்கும் உறுப்புதான் என் செல்லம். பழைய பவர் சப்ளை ஒன்றைத் திறந்தால், பியூசுக்குப் பக்கத்தில் கறுப்பாகவோ கடும் பச்சையாகவோ பொத்தான் மாதிரி ஒரு வட்டு நிற்கும். (நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவியில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம்.) மேலே 5டி-11 என்று ஏதாவது எழுதியிருக்கும்: அறை வெப்பநிலையில் 5 ஓம், விட்டம் 11 மில்லிமீற்றர். கால்களை நீளமாக விட்டு போர்டிலிருந்து தூக்கி வைத்திருப்பார்கள். அப்படியும் அடியில் போர்டு பழுப்பேறித்தான் இருக்கும், வட்டு அவ்வளவு சுடும். பெயர் என்டிசி தெர்மிஸ்டர்.

உலோகம் சூடானால் தடை கூடும். இந்த வட்டில் குறையும். மங்கனீசு, நிக்கல், கோபால்ற்று ஒட்சைட்டுகளைச் சேர்த்துச் சூளையில் சுட்ட பீங்கான் இது. உள்ளே மூன்று இலத்திரனை இழந்த (+3) மங்கனீசும் நாலை இழந்த (+4) மங்கனீசும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு இலத்திரன் தாவினால்தான் மின்னோட்டம். தாவ ஓர் உந்தல் வேண்டும், அதைக் கொடுப்பது வெப்பம். குளிரில் தாவல் அரிது, சூட்டில் சரமாரி. சூடாக ஆகக் கடத்தும் பொருளை, வெள்ளி சல்பைட்டில், மைக்கேல் பரடே 1833-இலேயே கவனித்துவிட்டார்.

இப்போது சுவிட்சைப் போடுங்கள். வட்டு குளிர்ந்திருக்கிறது, 5 ஓம் குறுக்கே நிற்கிறது. 200 அம்பியர் 50-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கொள்ளளவி நிரம்புகிறது. டீவி ஓட ஓட அதே மின்னோட்டம் வட்டைச் சூடாக்குகிறது, தடை சரிகிறது. தடை சரிந்தால் பிறக்கும் வெப்பமும் குறையும், ஆகவே சூடு எல்லை மீறாமல், காற்றுக்கு விடும் வெப்பமும் உள்ளே பிறப்பதும் சமப்படும் இடத்தில் நின்றுகொள்ளும். ஒரு அம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 100 பாகை செல்சியஸ், தடை ஒரு ஓம் அளவு. தேவைப்படும்போது குறுக்கே நின்று, வேலை முடிந்ததும் தானாக ஒதுங்கிவிடுகிறது. சிப் இல்லை, புரோகிராம் இல்லை, சுட்ட மண் மட்டும்தான்! நேர்த்தியான பீங்கான் கோப்பைகளை ஏற்றுமதி செய்யும் நாடு நாம். இந்த வட்டுகளைச் செய்து பார்க்க ஒரு ஆய்வுகூடத்துக்குப் பணம் ஒதுக்கக்கூடாதா? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவழித்தால் இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது.

சரி, அந்த ரெண்டு செக்கனுக்கு வருவோம். கரண்ட் போனதும் ஓடிக்கொண்டிருந்த டீவி கொள்ளளவியை உறிஞ்சத் தொடங்கிவிடும், ரெண்டு செக்கனில் பெரும்பகுதி வடிந்துவிடும். வட்டோ இன்னும் கொதிக்கிறது. ஆறுவதற்கு அரை நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். கரண்ட் திரும்பும்போது கொள்ளளவி கிட்டத்தட்ட காலி, காவலுக்கு நிற்பதும் ஒரு ஓம்தான். 2022-இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, இந்த வட்டைப் பொறுத்தவரை அது ஒரு பிரச்சினையே இல்லை. நன்றாக ஆறியிருக்கும். கண் சிமிட்டிவிட்டு வரும் கரண்ட்தான் ஆளைக் கொல்லும். திரும்பும்போது அழுத்தம் எகிறுவதும் உண்டு, ஆனால் அது வேறு கதை. பழுது பார்ப்பவர் கழற்றிய பியூஸைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் பெரிய மின்னோட்டம் ஒரேயடியாகப் பாய்ந்திருக்கிறது.

பிளக்கைச் சொருகும்போது ஒரு நாள் பொறி பறக்கும், ஒரு நாள் பறக்காது. நல்ல நேரம் பார்த்துப் புது டீவியைப் போடுபவர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்: நேரம் உண்மையிலேயே முக்கியம்தான். அழுத்தம் பூச்சியத்தைத் தாண்டும் கணத்தில் தொடுப்பு விழுந்தால், தெர்மிஸ்டரே இல்லாவிட்டாலும் மேலே சொன்ன கொள்ளளவிக்கு ஏறத்தாழ 48 அம்பியர்தான். உச்சத்தில் விழுந்தால் அந்த 200. ஆனால் பூச்சியத்துக்கும் உச்சத்துக்கும் இடையே 5 மில்லிசெக்கன்தான், பஞ்சாங்கத்தில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

பெரிய கருவிகளில் இந்த வட்டை நம்புவதில்லை. மின்சாரக் காரில் முதலில் ஒரு தடை வழியாகக் கொள்ளளவியை நிரப்பி, அப்புறம்தான் பிரதான ரிலேயை மூடுவார்கள். ஸ்டார்ட் பண்ணும்போது கேட்கும் 'கிளிக், கிளிக்' அதுதான். முதல் படி தவறினால் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு என்ன செய்யலாம்? கரண்ட் போனதும் டீவி, கம்ப்யூட்டர் சுவிட்சுகளை நிறுத்திவிட்டு, வந்த பிறகு ரெண்டு மூன்று நிமிடம் கழித்துப் போடுங்கள். ரெண்டு செக்கனில் திரும்பிவிட்டால் அதற்கு அவகாசம் கிடைக்காது, அங்கேதான் 'டீவி கார்ட்' (guard) உதவும்: சுவருக்கும் டீவிக்கும் நடுவே நின்று, கரண்ட் வந்ததும் சற்றுத் தாமதித்து விடும் காவல் பெட்டி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது, கரண்ட் வந்து எவ்வளவு நேரம் கழித்து விடும் என்று கேட்டு, கடையிலேயே பிளக்கைக் கழற்றி உடனே சொருகச் சொல்லிப் பாருங்கள். சில பெட்டிகள் அழுத்தம் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கணமே விட்டுவிடும்.