தோலடியில் சிக்கும் காற்று: பல் சிகிச்சையின் அரிய பக்கவிளைவு

பல் பிடுங்கிய சற்று நேரத்திலேயே ஊதுகொம்பை இசைத்த ஒருவரின் முகம் காற்றால் உப்பிப்போனதை 1900ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்தது. பல் சிகிச்சையையொட்டித் தோலுக்கடியில் காற்று புகுந்ததாகப் பதிவான முதல் நிகழ்வாக அதையே மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. அன்று காற்றை உள்ளே தள்ளியது நோயாளியின் சொந்த மூச்சு. இன்று பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது மருத்துவரின் கருவி.

பல்லைக் குடையும் ஏரோட்டர், அழுத்தப்பட்ட காற்றின் விசையால் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. சுழற்றி முடித்த காற்றின் ஒரு பகுதி, பல வகைக் கருவிகளில், குடையும் முனையின் அருகிலேயே வெளியேறுகிறது. சாதாரணச் சொத்தையை அடைக்கும்போது இதனால் தீங்கில்லை. ஆனால் ஈறைக் கீறி விலக்கி, புதைந்து கிடக்கும் கீழ் ஞானப்பல்லை வெட்டி எடுக்கும்போது, திறந்த காயத்தின் வழியே அந்தக் காற்று எலும்புக்கும் சதைக்கும் இடையே நுழைந்துவிடக்கூடும். நம் தசைகளுக்கு இடையே பஞ்சு போன்ற தளர்வான இணைப்புத்திசு நிறைந்திருக்கிறது. அது காற்றைத் தடுப்பதில்லை, வழிதான் விடுகிறது. கீழ்க் கடைவாய்ப்பற்களின் வேர்கள் வாயின் அடித்தளத்தை ஒட்டி இருப்பதால், அங்கே நுழைந்த காற்று தாடைக்கடியிலும், கழுத்திலும், அரிதாக நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதி வரையிலும் இறங்கிவிடுகிறது.

கன்னம் சில நிமிடங்களில் திடீரென வீங்குவதால், மருந்து ஒவ்வாமை என்று எண்ணிவிடுவது எளிது. வேறுபடுத்திக் காட்டுவது விரல்தான்: வீக்கத்தை மெல்ல அழுத்தினால், சிறு குமிழ்கள் நகர்ந்து நறநறவென நொறுங்குவதுபோல் உணரலாம். இந்த உணர்வு சில சமயம் தாமதமாகவே தோன்றும் என்பதால், தொடக்கத்தில் அது இல்லாததை வைத்து முடிவுகட்டக் கூடாது.

உள்ளே சிக்கிய காற்றை உடலே உறிஞ்சிக்கொள்ளும். அதில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். அது மெதுவாகவே இரத்தத்தில் கலக்கிறது. நோயாளி செறிவான ஆக்சிஜனைச் சுவாசித்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குறையும். அதனால் சிக்கிய நைட்ரஜனும் விரைவாக வெளியேறும். பொதுவாகச் சில நாட்களில் வீக்கம் வடிந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறையும். வாயிலுள்ள கிருமிகளும் காற்றோடு சென்றிருக்கலாம் என்பதால் பல மருத்துவர்கள் ஆன்டிபயாட்டிக் தருகிறார்கள். மூக்கைப் பலமாகச் சிந்துவதும், பலூனோ நாதஸ்வரமோ ஊதுவதும் அந்நாட்களில் கூடாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குரல் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், வீக்கம் தானே வடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காற்று எதுவரை பரவியிருக்கிறது என்பதை அங்கே சி.டி. ஸ்கேன் காட்டிவிடும்.

ஞானப்பல் அறுவைக்கென்றே, காற்றைப் பின்புறமாக வெளியேற்றும் கருவிகளும் மின்மோட்டாரில் சுழலும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் காயத்துக்குள் காற்று பாயும் வாய்ப்பு பெருமளவு குறைந்துவிடுகிறது.