வெளியே அடக்கும் நாய் ஹாலில் ஏன் போகிறது?

“3 வயது நாய் ஒன்றைத் தத்தெடுத்து இரண்டு வாரம் ஆகிறது. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் வெளியே நடத்திக் கூட்டி வருகிறேன். ஒரு சொட்டுச் சிறுநீர்கூடப் போவதில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் ஹால் மூலையில் குளம் கட்டிவிடுகிறது. என்னைப் பழிவாங்குகிறதா?”

ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார். பழிவாங்கல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே அடக்கியதும் உள்ளே வந்து விட்டதும் நாயின் மூளைத்தண்டில் இருக்கும் ஒரே ஸ்விட்சின் வேலைதான். அந்த ஸ்விட்சைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அதற்கு முன் ஒரு விஷயம். வளர்ந்த நாய் வீட்டுக்குள் சிறுநீர் போனால் பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு எல்லாமே இப்படித்தான் தலைகாட்டும். எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில், தனக்கே தெரியாமல் படுக்கையை நனைத்தால், சிறுநீர்ப்பையின் வாயை மூடிவைக்கும் சுருக்குத்தசை தளர்ந்திருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, பயிற்சியால் சரியாகாது.

சரி, ஸ்விட்சுக்கு வருவோம்.

சிறுநீரகங்கள் இரவு பகலாகச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதைச் சிறுநீர்ப்பை சேர்த்துவைக்கிறது. பை நிரம்பும்போது அதன் சுவர் தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும், கழுத்து இறுகி மூடியிருக்க வேண்டும். இரண்டையும் சிம்பதடிக் நரம்புகள் பார்த்துக்கொள்கின்றன. பயத்தில் இதயத்தைப் படபடக்க வைப்பதும் இதே நரம்பு மண்டலம்தான். கழுத்துக்கு வெளியே இன்னொரு சுருக்குத்தசை இருக்கிறது, அது நாயின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது.

பை விரிய விரிய, சுவரிலுள்ள நரம்பு முனைகள் தண்டுவடம் வழியாக நடுமூளைக்குச் சேதி அனுப்புகின்றன. அங்கிருந்து சேதி மூளைத்தண்டில் உள்ள சின்னஞ்சிறு நரம்பணுக் கொத்து ஒன்றுக்குப் போகிறது. 1925இல் ஃபிரடெரிக் பாரிங்டன் பூனைகளில் செய்த ஆய்வில் அடையாளம் காட்டிய இடம் அது. அதனால் பாரிங்டன் உட்கரு என்று பெயர். அது உயிர்பெற்றால் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கும்: பையின் சுவர் சுருங்கும், கழுத்து திறக்கும், வெளிச் சுருக்குத்தசை தளரும். பாதி திறப்பது, கொஞ்சம் கசிவது என்ற பேச்சே இல்லை. சேமிப்பிலிருந்து வெளியேற்றத்துக்கு ஒரே தாவல்.

எனக்கு இதில் அலுக்கவே அலுக்காத இடம் அடுத்தது. பை நிரம்பிவிட்டது என்பது மட்டும் இந்த ஸ்விட்சைத் தட்டப் போதாது. நடுமூளையில் அந்தச் சேதி வந்து சேரும் இடத்துக்கு முன்மூளையிலிருந்தும் கம்பிகள் வருகின்றன. இங்கே பாதுகாப்பாக இருக்கிறதா, இது பழகிய இடமா, காலடியில் என்ன தரை, மூக்கில் என்ன வாசனை என்று எல்லாத் தகவலும் அங்கே கூடுகிறது. எல்லாம் ஒத்துவந்தால்தான் மேலிருந்து அனுமதி கிடைக்கும். இன்னொரு எலியின் சிறுநீர் வாசனையை முகர்ந்தாலே எலிகள் சிறுநீர் விடுவதையும், அப்போது பாரிங்டன் உட்கருவின் நரம்பணுக்கள் விழித்துக்கொள்வதையும் ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். மூக்கிலிருந்து சிறுநீர்ப்பைக்கு நேர்வழியே இருக்கிறது என்று சொல்லலாம்.

இப்போது வாசகரின் நாயை நினைத்துப் பாருங்கள். புதுத் தெரு, புது வண்டிச் சத்தம், முன்பின் தெரியாத நாய்களின் வாசனை. காதும் கண்ணும் நாலா பக்கமும் சுழல்கின்றன. இந்த விழிப்பு நிலையில் சிம்பதடிக் நரம்புகள் பையின் கழுத்தை இன்னும் இறுக்குகின்றன, அனுமதி வருவதில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சத்தம் அடங்குகிறது. நாய் பெருமூச்சு விடுகிறது. அப்புறம் அந்த ஹால் மூலை, நேற்றைய வாசனையோடு. முக்கால் மணி நேரம் காத்திருந்த ஸ்விட்ச் தட்டிக்கொள்கிறது. உங்கள் வீட்டை அது பாதுகாப்பான இடமாக நினைக்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம் அந்தக் குளம். துடைப்பவருக்கு இது ஆறுதலாக இருக்காதுதான், ஆனாலும் உண்மை.

தரைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். மூன்று வாரம் ஆனதும் தூங்கும் இடத்தைவிட்டுத் தள்ளாடி நகர்ந்துபோய்ச் சிறுநீர் கழிக்கப் பார்க்கும். ஏழெட்டு வாரத்தில், எந்தத் தரையில் போய்ப் பழகியதோ அந்தத் தரை மனதில் பதியத் தொடங்கும். காப்பகத்தின் சிமெண்டுத் தரையிலேயே வளர்ந்த நாய்க்குப் புல் ஒரு விசித்திரமான பொருள். அதற்கு உங்கள் ஹால் தரைதான் ‘சரியான’ இடம்.

ஆகவே செய்ய வேண்டியது, அனுமதி கிடைக்கும் இடத்தை மாற்றுவது. நீண்ட நடையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். வாசலுக்கு அருகே அமைதியான ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாட்டு ஓய்ந்ததும், படுக்கும் முன்னும் வாரில் பிடித்து அங்கேயே கூட்டிப்போய்ச் சும்மா நில்லுங்கள். பேச வேண்டாம். ஹாலைத் துடைத்த துணியை அங்கே போட்டுவைத்தால், உள்ளே உங்களுக்கு எதிராக இருந்த வாசனை வெளியே உங்களுக்காக வேலை செய்யும். போய் முடித்த அதே நொடியில் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் நாய்க்கு அது வீட்டுக்குள் வந்ததற்கான பரிசு. நடை அதற்குப் பிறகு. போனதுமே வீட்டுக்கு இழுத்து வந்தால், போனால் ஊர்சுற்றல் முடிந்துவிடும் என்று நாய் கற்றுக்கொண்டு இன்னும் அடக்கும்.

போகவில்லையா? உள்ளே வந்ததும் அவிழ்த்துவிடாமல் வாரை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி வெளியே போங்கள்.

உள்ளே இருக்கும் வாசனையையும் அழிக்க வேண்டும். மனிதனுக்கு முகரும் ஏற்பிகள் சில பத்து லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நமக்குப் போய்விட்டது என்று தோன்றுவது அதற்குப் போவதில்லை. யூரியாவுக்குப் பெரிய வாசனை கிடையாது; பாக்டீரியா அதை உடைக்கும்போது வரும் அம்மோனியாதான் நெடி. அதனால் அம்மோனியா கலந்த கிளீனரால் துடைப்பது, நாய் விட்ட தடத்தின் மேல் அதே நெடியை நாமே பூசுவதுபோல. பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் மேல் ஊற்றவே கூடாது, குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். நொதி கலந்த கிளீனரை ஊற்றி, காயவிடாமல் கால் மணி நேரம் ஊறவிடுங்கள், நொதிக்கு வேலை செய்ய ஈரமும் நேரமும் தேவை. ‘யூரிக் அமிலப் படிகங்களைக் கரைக்கும்’ என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலான நாய்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அல்லன்டாயினாக மாற்றிவிடுகிறது. டால்மேஷியன் நாய் இதற்குப் பெயர்பெற்ற விதிவிலக்கு.

இனி, எனக்குக் கோபம் வரும் இடம். ஈரத்தில் நாயின் மூக்கைத் தேய்த்தால் திருந்தும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இது மூடநம்பிக்கை, கொடுமையும்கூட. நடந்து முடிந்த செயலோடு அந்தத் தண்டனையை நாயால் இணைக்க முடியாது. ‘பார், தப்பு செய்த முழி’ என்பார்கள். 2009இல் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். எடுக்கக் கூடாது என்ற தின்பண்டத்தை நாய் உண்மையில் எடுத்ததா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் தொடர்பு இல்லை. உரிமையாளர் திட்டினால் முழி வந்தது. திட்டுவதால் நாய் கற்பது ஒன்றுதான்: இந்த மனிதர் கண்முன் போகக் கூடாது. பிறகு வாரின் மறுமுனையில் நீங்கள் நிற்கும்போது அது எப்படிப் போகும்?

வீட்டை நனைக்கிறது என்பதற்காகவே காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பப்படும் நாய்கள் உண்டு. எலியின் சிறுநீர்ப்பைக்குக் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு பங்காவது, தத்தெடுத்த நாய் புது வீட்டில் பழகும் முதல் மாதத்தை ஆராயக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வாசகருக்கு நான் எழுதிய பதில் இதைவிடச் சின்னது. நாளை காலை நடைக்குக் கிளம்பாதீர்கள். ஹாலைத் துடைத்த துணியோடும் பையில் கொஞ்சம் தின்பண்டத்தோடும் வாசலோரம் போய் நில்லுங்கள். மூக்கைத் தரையில் வைத்து அது வட்டமடிக்கத் தொடங்கினால் மூச்சுக்கூட விடாதீர்கள். மேலே அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது.