மின்சாரம் திரும்பி வரும் நேரத்தில் கவனம்: உவர்நீர் மீன்தொட்டியின் சைபன் குழாய்

திருகோணமலையில் உவர்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள், மின்சாரம் நின்றதும் மீன்களை நினைத்துத்தான் முதலில் பதறுகிறார்கள். அது நியாயமான கவலையே. 28, 29 பாகை செல்சியஸில் நிற்கும் எங்கள் ஊர்த் தொட்டி நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரைந்திருக்கும் என்பதால், நீரோட்டம் நின்ற சில மணி நேரத்துக்குள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறக்கத் தொடங்கிவிடும். பற்றரியில் இயங்கும் சிறிய வளிப்பம்பி ஒன்று வீட்டில் இருந்தால் அதற்குப் போதும். ஆனால் தொட்டிகளைப் பொருத்தியும் திருத்தியும் வரும் இந்தத் தொழிலில், வீட்டின் தரை முழுவதும் உப்புநீர் பரவிக் கிடப்பதாக எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் மின்சாரம் திரும்பி வந்த பிறகே வருகின்றன. போய்ப் பார்த்தால், தொட்டியின் விளிம்பில் மாட்டியிருக்கும் வழிந்தோடிப் பெட்டியின் சைபன் குழாய் செயலிழந்திருக்கும்.

துளையிடப்படாத தொட்டிகளுக்கே இந்த அமைப்புத் தேவைப்படுகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் பல் வெட்டிய விளிம்புள்ள ஒரு பெட்டியும் வெளிப்புறத்தில் இன்னொரு பெட்டியும் தொங்க, தலைகீழாக வளைந்த குழாயொன்று இரண்டையும் இணைக்கிறது. பற்களைக் கடந்து உட்பெட்டிக்குள் விழும் நீர், வளைகுழாய் வழியே வெளிப்பெட்டிக்கு வந்து, அங்கிருந்து சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டிக்கு இறங்க, நீர்ப்பம்பி அதை மீண்டும் மேலே அனுப்புகிறது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைக் காலத்தில் மோட்டார் சைக்கிள் தாங்கியிலிருந்து ரப்பர் குழாயால் பெற்றோல் இறக்கியவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை: குழாய் முழுவதும் திரவம் நிறைந்திருக்கும் வரை ஓட்டம் நிற்காது, உள்ளே வளி சேர்ந்தால் ஓட்டம் அறுந்துவிடும். மின்சாரம் நிற்கும்போது தொட்டி நீர் பற்களின் மட்டத்துக்கு இறங்கி நின்றுவிடும் என்பதாலும், வளைகுழாயின் இரு முனைகளும் பெட்டிகளுக்குள் நீரில் மூழ்கியே இருக்கும் என்பதாலும், குழாய் நிறைந்தபடியே காத்திருந்து, பம்பி இயங்கியதும் தானாக ஓடத் தொடங்க வேண்டும். வடிவமைப்பில் பிழையில்லை.

பிழை மெதுவாகச் சேர்கிறது. வளைவின் உச்சியில் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தை விடச் சற்றுக் குறைவாக இருப்பதால் நீரில் கரைந்திருக்கும் வளி அங்கே குமிழிகளாகப் பிரிகிறது. பற்களில் விழுந்து கலங்கும் நீரும் தன் பங்குக்குக் குமிழிகளை இழுத்து வருகிறது. ஓட்டம் வேகமாக இருந்தால் அவை அடித்துச் செல்லப்படும். மந்தமாக இருந்தால் உச்சியிலேயே தங்கி, நாளுக்கு நாள் பெருகும். வளைவில் பாதி வளியாக இருக்கும் குழாயிலும் நீர் போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதால் உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. மின்சாரம் நின்று ஓட்டம் அடங்கியதும் அந்த வளி நீர்த்தம்பத்தை இரண்டாகப் பிரித்துவிடும். பிறகு பம்பி இயங்கும்போது, கீழ்த்தொட்டியின் நீர் மேலே போகும், திரும்பி இறங்க வழி இருக்காது.

இதனால்தான் குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. ஓர் அங்குல உள்விட்டமுள்ள வளைகுழாய் மணிக்கு ஏறத்தாழ 2000 லீற்றர் வரை கொண்டுசெல்லும். அதில் மணிக்கு 500 லீற்றரே ஓடினால் குமிழிகளைத் தள்ள வேகம் போதாது. பாதுகாப்புக்கென்று இரண்டாவது குழாயைப் பொருத்துவதும் பாதி அளவுக்கே உதவும், ஏனெனில் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டிலும் வேகம் குறைகிறது. வளைவின் உச்சியில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் மூலம் வளியை இடைவிடாது உறிஞ்சும் சிறிய பம்பி ஒன்றை இணைத்தால் பலன் உண்டு. ஆனால் அதில் ஒருவழி வால்வு இல்லையென்றால் மின்சாரம் நின்ற வேளையில் அந்தத் துளை வழியாகவே வளி உள்ளே போகும். உப்புப் படிந்து அடைத்துப்போன உறிஞ்சும் பம்பியை, வெளியே ஒலி கேட்பதால் நன்றாக இயங்குவதாக நம்பியிருப்போரும் உண்டு.

வளைகுழாயைக் கழற்றி மாதம் ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும். உட்சுவரில் ஒட்டும் ஊதா நிறச் சுண்ணப் பாசியைச் சுரண்டாமல், வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து ஊறவைத்தால் அது இளகிவிடும். அக்ரிலிக் குழாயைச் சுரண்டினால் விழும் கீறல்களில் அடுத்த பாசி இன்னும் உறுதியாகப் பிடிக்கும். கடலிலிருந்து நீர் கொண்டுவருபவர்கள், மகாவலி கொட்டியாரக் குடாவில் கலங்கலாகக் கலக்கும் மாரி காலத்தில், அந்த நீரைத் தெளியவைத்து வடிக்காமல் தொட்டியில் ஊற்றக்கூடாது. பாசி மேய விடப்படும் நத்தைகள் பற்களில் ஏறிக் குழாய்க்குள் புகாதபடி உட்பெட்டியின் முகப்பில் பிளாஸ்டிக் வலை வைக்கலாம், ஆனால் அந்த வலையே அடைபடும் என்பதை மறந்துவிடக்கூடாது. குழாயை மீண்டும் நிரப்ப வாயால் உறிஞ்சும் பழக்கத்தைக் கைவிடுங்கள்: சோவாந்திட் வகைப் பவளங்கள் சிலவற்றில் பேலிடொக்சின் என்னும் கடுமையான நஞ்சு இருக்கிறது. பெரிய சிறிஞ்சும் மெல்லிய குழாயும் அந்த வேலையை எளிதாகச் செய்யும்.

எவ்வளவு கவனித்தாலும் இந்தக் குழாய் ஒருநாள் அறுந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு கீழ்த்தொட்டியை அமைப்பதே என் முறை. 120 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டியில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரமும் 5.4 லீற்றர். ஓடும் நீர்மட்டத்துக்கு மேலே விளிம்பு வரை 4 சென்ரிமீற்றர் இருந்தால், அது தாங்கக்கூடியது ஏறத்தாழ 21 லீற்றர். பம்பி நிற்கும் அறை தடுப்புக் கண்ணாடியால் பிரிக்கப்பட்டு, 30க்கு 40 சென்ரிமீற்றர் பரப்புடன், பம்பியின் வாய்க்கு மேல் 15 சென்ரிமீற்றர் நீருடன் இருந்தால், மேலே போகக்கூடியது 18 லீற்றர் மட்டுமே. சைபன் அறுந்தாலும் தரை நனையாது. இதைக் குலைப்பது பெரும்பாலும் பயணம்தான். சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர், ஆவியாதலை ஈடுகட்ட அந்த அறையை 25 சென்ரிமீற்றர் வரை நிரப்பிவிட்டுப் புறப்படுகிறார். இப்போது மேலே ஏறக்கூடியது 30 லீற்றர், அதில் 8 லீற்றருக்கு மேல் தரைக்கு வரும். போதாக்குறைக்கு வற்றிய பம்பியும் எரிந்துபோகும்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. பம்பி நீரை மேலே அனுப்பும் திரும்புகுழாய், மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்கு 8 சென்ரிமீற்றர் கீழே முடிந்தால், மின்சாரம் நின்றதும் அதுவே சைபனாகி 43 லீற்றரைக் கீழே இறக்கும். மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் இடும் சிறு துளை இதைத் தடுக்கும். பாசி மூடாதபடி அதை ஈர்க்கினால் அவ்வப்போது குத்திவிடுங்கள்.

தானியங்கி மின்பிறப்பாக்கி உள்ள விடுதிகளில் இந்தச் சோதனை இருமடங்கு. மின்சாரம் நின்று பிறப்பாக்கி ஏற்கும்போது ஒருமுறையும், மீண்டும் மாறும்போது ஒருமுறையும் ஓட்டம் அறுந்து தொடங்குகிறது. உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் வளைகுழாய் அழகுக்காகப் பலகையால் மூடப்பட்டிருந்ததால், உள்ளே சேர்ந்த வளியை எவரும் பார்க்கவே வழியிருக்கவில்லை. குழாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது அழகில்லையென்றாலும்.

வாரம் ஒருமுறை, வீட்டில் இருக்கும்போது, பகலில் பம்பியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து இயக்கிப் பாருங்கள். தொட்டியை அமைத்த நாளிலும், கீழ்த்தொட்டியில் எதையேனும் மாற்றிய நாளிலும், பம்பி ஓடும்போதே வளைகுழாயை எடுத்துவிட்டு நீர் வெளியே வழிகிறதா என்று பாருங்கள். அந்த வேளையில் நீட்சி வயர்ப் பலகை கீழ்த்தொட்டிக்கு அருகில் தரையில் கிடக்கக்கூடாது. சுவரில் உயர்த்திப் பொருத்தி, வயர்கள் செருகிக்குக் கீழே ஒருமுறை தொய்ந்து மேலேறும்படி விட்டால், வழியும் நீர் செருகிக்குள் இறங்காது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் நான் உவர்நீர்த் தொட்டி அமைத்துக் கொடுப்பதில்லை.

புதிதாகத் தொட்டி வாங்குபவர்களுக்கு நான் சைபன் பெட்டியைப் பரிந்துரைப்பதில்லை. சாதாரணக் கண்ணாடியில் தொட்டியை ஒட்டுமுன்னரே துளையிட்டு வாங்கலாம். வன்மையூட்டப்பட்ட கண்ணாடியானால் துளையிட முயல வேண்டாம், அது நொறுங்கிவிடும். ஏற்கெனவே அத்தகைய தொட்டி வைத்திருப்பவர்களுக்கே இந்த வளைகுழாயும் அதன் பராமரிப்பும்.