வழக்கு முடிந்தது, வீடியோ முடியவில்லை

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பையனை முதன்முதலில் பார்க்கும்போது வழக்கைப் பற்றிக் கேட்க மாட்டேன். "சாப்பிட்டியாடா?" என்றுதான் ஆரம்பிப்பேன். பைக் திருட்டு வழக்கில் வந்திருந்த அந்த 16 வயதுப் பையன் பதில் சொல்லாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. ஒன்றரை வருடமாக வாட்டர் வாஷ் கடையில் வேலை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பல நாள் வரவில்லை என்று பள்ளியில் பெயரை எடுத்துவிட்டார்கள். ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய் யாரும் கேட்கவில்லை.

முதல் பைக்கை அவன் விற்கவில்லை. பெட்ரோல் தீரும்வரை ஈசிஆரில் ஓட்டிவிட்டு ஓரமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டான். இரண்டாவதைத்தான் ஏரியா 'அண்ணன்' ஒருவர் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். "உனக்கு இன்னும் பதினெட்டு ஆகல, ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று தைரியம் வேறு. இந்த வசனம் என் காதில் விழாத மாதமே இல்லை. சிறுவர்களைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், கூடவே 5 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு. நான் பார்த்தவரை அண்ணன்கள் பெயர் பையனின் வாயோடு நின்றுவிடுகிறது.

அண்ணன் சொல்வதையேதான் டீக்கடையிலும் சொல்கிறார்கள்: "சின்னப் பையன்னு விட்டுடறாங்க." விடுவதில்லை. பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள் கொண்ட அமர்வு அது. நன்னடத்தை அலுவலர் வீட்டையும் பள்ளியையும் விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும். தேவையென்றால் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை வைக்கலாம். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு, கொடுங்குற்றம் செய்த 16 வயதைக் கடந்தவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் வழி வந்துவிட்டது. உள்ளே இருப்பது சொகுசு என்றும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பர் கடைசியில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் அடிபட்டு இறந்தான். இல்ல ஊழியர்களே கைதானார்கள்.

சரி, நம் பையன் கதைக்கு வருகிறேன். பிடிபட்டபோது அவனைக் கம்பத்தில் கட்டி வைத்து நாலு பேர் அடித்ததை அஞ்சாவது ஆள் செல்போனில் எடுத்திருக்கிறார். முகம் பளிச்சென்று தெரிகிறது. சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எடுத்தவருக்கும் தெரியாது, ஃபார்வர்டு செய்த நூறு பேருக்கும் தெரியாது. அது சுற்றிச் சுற்றி அவன் தங்கச்சியின் வகுப்புத் தோழிகள் கைக்கே வந்துவிட்டது. அவள் ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை.

இவன் வழக்கு இப்போது முடிந்துவிட்டது. இது வேலைக்கோ படிப்புக்கோ தடையாகக் கூடாது, ஆவணங்களையும் உரிய காலத்தில் அழிக்க வேண்டும் என்று 24-ஆவது பிரிவு சொல்வதை அவனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அப்புறம், "கோர்ட் பேப்பர் சரி மேடம், அந்த வீடியோவ யாரு அழிப்பாங்க?" என்றான்.

சைபர் க்ரைமில் புகார் கொடுத்திருக்கிறோம். பக்கத்திலேயே ஐடிஐ இருக்க, அவன் இரண்டு பஸ் மாறித் தூரத்து ஐடிஐக்குப் போகிறான்.