வயதைக் காட்டிக்கொடுக்கும் தூசு

விண்மீன் பிறப்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முழுதாக யாரும் பார்த்ததில்லை. சூரியனைப் போன்ற ஒன்று உருவாகி நிலைபெறச் சில கோடி ஆண்டுகள் ஆகும். நம்மால் முடிந்தது, அண்மையில் பிறந்தவற்றைத் தேடிப் பிடிப்பதுதான்.

எங்கே தேடுவது என்பதில் குழப்பமில்லை: சுமார் 10 கெல்வின் குளிரில் உறைந்து கிடக்கும் மூலக்கூறு மேகங்களில், அதாவது வாயுவும் தூசும் திரண்ட மேகங்களில். அவற்றுள் அருகிலிருக்கும் ரிஷப மேகம் ஏறத்தாழ 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இத்தகைய கரும்பகுதி ஒன்றைப் பார்த்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், வானத்தில் ஓட்டை என்று வியந்ததாக அவருடைய தங்கை கரோலின் எழுதியிருக்கிறார். ஓட்டையல்ல, தூசுத் திரை. அகச்சிவப்பு ஒளி அதைப் பெருமளவு கடந்துவிடும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேகத்துக்குப் பின்னாலுள்ள கிழட்டு விண்மீன்களும் தெரியும். நீல ஒளியை இழந்து அவையும் சிவந்தே தெரியும். இளையது எது?

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. திரை ஒளியைப் பறிக்கும், ஒருபோதும் கொடுக்காது. இளம் விண்மீனைச் சுற்றியுள்ள தூசு வட்டோ கொடுக்கும். வட்டின் உள்விளிம்பு ஏறத்தாழ 1500 கெல்வின்; அந்த வெப்பத்தில் தூசு 2 மைக்ரோமீட்டரை ஒட்டி ஒளிர்கிறது. 300 கெல்வினுக்கு ஆறிய வெளிப்பகுதி 10 மைக்ரோமீட்டரில் ஒளிர்கிறது. 1.25, 1.65, 2.2 மைக்ரோமீட்டர் என்று மூன்று வடிகட்டிகளில் படமெடுத்து, முதல் இரண்டின் பிரகாச வேறுபாட்டை நெட்டச்சிலும் கடைசி இரண்டின் வேறுபாட்டைக் கிடையச்சிலும் குறியுங்கள். திரை எவ்வளவு தடித்தாலும் வட்டில்லாத விண்மீன் ஒரே சாய்வில்தான் மேலே நகரும். வட்டுள்ளது, 2.2-இல் வரும் உபரி ஒளியால், அந்தச் சாய்கோட்டுக்கு வலப்புறம் விலகி நிற்கும். விண்மீன் தன் வயதைத் தானே உளறிவிடுகிறது!

2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் தொலைநோக்கி இன்னும் நீண்ட அலைநீளங்களில் இதையே செய்தது. அதைக் குளிர்வித்த திரவ ஹீலியம் 2009-இல் தீர்ந்தது; ஆனால் பொதுவில் வைக்கப்பட்ட அதன் தரவுகளிலிருந்து இன்றும் ஆய்வுகள் வருகின்றன. தொலைநோக்கிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஆவணக் காப்பகத்துக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிவதேயில்லை.

இந்த வலையிலும் பொத்தல் உண்டு. 30 லட்சம் ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதி விண்மீன்கள் வட்டை இழந்துவிடுகின்றன. அவற்றை எக்ஸ் கதிர்களில்தான் பிடிக்க வேண்டும். தொலைதூரத் தூசு விண்மீன் மண்டலங்களும் இளசுகளைப் போல நடிக்கும். ஐயமிருந்தால், திரை மெலிந்த இடமாயின் நிறமாலை எடுத்து 670.8 நானோமீட்டரில் லித்தியம் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறிய விண்மீனாக இருந்து வயதும் ஏறியிருந்தால், அது தன் லித்தியத்தை எப்போதோ எரித்துத் தீர்த்திருக்கும்.