ஒன்-ஹாட் என்கோடிங்: சொல்லும் பொருளும்

நிறம், ரத்த வகை, அஞ்சல் குறியீடு போலப் பெயரால் மட்டும் பிரியும் தரவுப் புலங்கள் வகைசார் மாறிகள். அஞ்சல் குறியீடு எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கூட்டிச் சராசரி எடுத்தால் வருவது எந்த ஊருமல்ல. அதனால் அதுவும் வகைதான். இயந்திரக் கற்றல் மாதிரிக்குக் கொடுப்பதற்காக, இப்படிப்பட்ட மாறியின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நெடுவரிசை திறந்து, பொருந்தும் இடத்தில் 1, மற்ற இடங்களில் 0 என எழுதுவது ஒன்-ஹாட் என்கோடிங்.

சொல் மின்னணுச் சுற்றுகளிலிருந்து வந்தது. அங்கே உயர் மின்னழுத்தத்தில், அதாவது 1 என்ற நிலையில் இருக்கும் கம்பி 'ஹாட்'. ஒரு சுற்றின் நான்கு நிலைகளை 00, 01, 10, 11 என இரண்டு பிட்டில் அடக்கலாம். 0001, 0010, 0100, 1000 என நான்கு பிட்டில் எழுதினால் எப்போதும் ஒரே ஒரு பிட்தான் 1. அது நிற்கும் இடமே நிலையைச் சொல்லிவிடும். ஒன்று மட்டும் 0, மீதி எல்லாம் 1 என்றால் 'ஒன்-கோல்ட்'. புள்ளியியலில் இதே 0–1 நெடுவரிசைகளுக்கு 'டம்மி மாறி' என்று பெயர்.

'ஒற்றைச் சூடு' என்று பெயர்த்தால் பொருள் போய்விடும். தமிழில் சூடு மின்னழுத்தத்தைக் குறிப்பதில்லை. ஒரு வரிசையில் 1 தனியாக நிற்பதைச் சொல்லும் 'தனியொன்றுக் குறியாக்கம்' பொருத்தமானது.

நேராக எண் கொடுத்தால் என்ன? சிவப்பு 0, நீலம் 1, பச்சை 2 என்றால் சிவப்புக்கும் பச்சைக்கும் இடைவெளி 2, சிவப்புக்கும் நீலத்துக்கும் 1. இல்லாத உறவு இது. நேரியல் மாதிரியும் (ஒவ்வொரு உள்ளீட்டையும் ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டிக் கணிப்பது) தொலைவை வைத்துக் கணிக்கும் மாதிரியும் அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளும். தனியொன்றில் எந்த இரண்டு நிறத்துக்கும் இடைவெளி √2.

இயல்பான வரிசை உள்ள வகைக்கு எண்ணே நல்லது. ஆனால் வரிசையை நாம்தான் சொல்லித் தரவேண்டும். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில், வகைகளை எண்ணாக்கும் ஆர்டினல் என்கோடரிடம் 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்ற மதிப்புகளை அப்படியே விட்டால் அகர வரிசைப்படி அதிகம் 0, குறைவு 1, நடுத்தரம் 2 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அதே தொகுப்பின் லேபிள் என்கோடரும் இப்படித்தான் அடுக்கும். அது இலக்கு மாறிக்கானது (நாம் கணிக்க விரும்புவது), உள்ளீட்டுப் புலங்களுக்கு அல்ல.

அதிகம் அடிபடும் இடம் புதுத் தரவு. மாதிரி கற்கும் பயிற்சித் தரவுக்கும் அதைச் சோதிக்கும் தரவுக்கும் தனித்தனியாகப் பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுப்பின் கெட்-டம்மீஸை (0–1 நெடுவரிசைகளை உருவாக்கும் கட்டளை) ஓட்டினால் நெடுவரிசைகள் ஒத்துப்போகாமல் போகலாம். சைக்கிட்-லேர்னின் ஒன்-ஹாட் என்கோடரைப் பயிற்சித் தரவில் மட்டும் பொருத்தி, அதையே இரண்டுக்கும் பயன்படுத்துங்கள். அறியாத மதிப்பு வந்தால் அது பிழை காட்டி நின்றுவிடும். அறியாத மதிப்பைப் பொருட்படுத்தாதே என்ற 'இக்னோர்' அமைப்பைக் கொடுத்தால் அந்த வரிசையில் எல்லாம் 0 ஆகும்.

இங்கே இன்னொரு சிக்கல். ஒரு மாறியிலிருந்து பிறந்த நெடுவரிசைகளின் கூட்டுத்தொகை எந்த வரிசையிலும் 1. நேரியல் மாதிரியில் எல்லா வரிசைக்கும் பொதுவாகச் சேரும் வெட்டுத்துண்டோடு (மாறாத எண்) அது மோதுவதால், நெடுவரிசைகளைப் பெருக்கும் கெழுக்களுக்கு ஒரே விடை கிடைக்காது. அதற்காக முதல் நெடுவரிசையை நீக்குவார்கள். நீக்கியபின் 'இக்னோர்' போட்டால், நீக்கிய வகையும் அறியாத வகையும் ஒன்றுபோல் 0-களாகிவிடும். கெழுக்கள் பெரிதாகாமல் கட்டுப்படுத்தும் ரிட்ஜ் போன்ற ஒழுங்குபடுத்திய மாதிரிக்கும் தீர்மான மரங்களுக்கும் நீக்கவே வேண்டாம்.

ஆயிரக்கணக்கான மதிப்புகள் இருந்தால் அத்தனை நெடுவரிசைகள். அரிதானவற்றை முதலில் 'மற்றவை' என்று ஒன்றாக்குங்கள்.