நீல மாத்திரை பையன்களுக்கும்தான்

மதியச் சாப்பாட்டு வேளை முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தற்செயலாக எட்டிப் பார்த்தேன். கீழே மண்ணில் பள்ளியில் தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரைகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தால் பதினொன்று. அன்றைக்கு வந்திருந்த பையன்கள் பதினாலு பேர். கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அது கேர்ள்ஸ் மாத்திரை சார். நாங்க போட்டா கிண்டல் பண்ணுவாங்க.”

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ரத்தசோகை என்று பேச்சு வரும்போதெல்லாம் பெண் பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று பேசியது ஆசிரியர்களான நாங்கள்தான். பையன்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்தோம், எதற்கென்று சொல்லவில்லை.

இது மாத்திரையோடு நிற்கிற விஷயமும் இல்லை. பள்ளிக்கூடம் வழியாக வளரிளம் பருவத்தினருக்கு அரசு தருகிற மருத்துவம், ஆலோசனை, சட்டப் பாதுகாப்பு எல்லாமே ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தாளில் இருப்பது அவர்கள் கைக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் என்னென்ன இருக்கிறது, எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மாத்திரை. வாராந்திர இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டம் என்று பெயர். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் ஒன்று, இலவசம். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பையனுக்கு எதற்கு என்றால், பதிமூன்று, பதினாலு வயதில் மளமளவென்று உயரும்போது உடம்பில் ரத்த அளவும் தசையும் சேர்ந்தே கூடுகின்றன. இரண்டுக்கும் இரும்புச்சத்து வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள ஆண் பிள்ளைகளில் 31.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். முதல் பெஞ்சில் தூங்கி விழுகிற பையனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால்தான் மதியம் சாப்பிட்ட பிறகு, ஆசிரியர் கண்முன்னே போடச் சொல்கிறார்கள். மறுநாள் மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், இரும்புச்சத்து அப்படித்தான். மாத்திரை போட்டதும் டீ, காபி குடிக்கக் கூடாது. சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா நல்லது. இதோடு சேர்த்து பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை தருவார்கள். வயிற்றில் புழு இருந்தால் இரும்பு மாத்திரை எத்தனை போட்டாலும் பலன் குறைவு. 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிற டிடி என்கிற டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசியும் இரு பாலாருக்கும் பொது.

இதில் எனக்கு மனக்குறையாக இருக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். பள்ளியை விட்டு நின்றுபோன பெண் பிள்ளைக்கு இந்த மாத்திரை அங்கன்வாடி வழியாகக் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது. நின்றுபோன பையனுக்கு அந்த ஏற்பாடு இல்லை. பத்தாவதோடு ஒர்க்‌ஷாப்புக்கோ, கட்டட வேலைக்கோ போகிறவன் படிப்பை மட்டும் விடவில்லை, இதையும் விட்டுவிட்டுப் போகிறான். அவனை எப்படியாவது பன்னிரண்டு வரை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரம் ஒரு மணி நேரம்

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி நலவாழ்வுத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து நலவாழ்வுத் தூதுவர்களாக அமர்த்த வேண்டும். கூடுமானவரை ஒருவர் ஆண், ஒருவர் பெண். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்கள் வகுப்பு எடுக்க வேண்டும். மொத்தம் 11 தலைப்புகள். உடல் வளர்ச்சி, மனநலம், உறவுகள், ஆண் பெண் சமத்துவம், உணவு, போதைப் பழக்கம், இனப்பெருக்க நலம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைக் கவனமாகப் பயன்படுத்துவது எல்லாம் அதில் வரும்.

திட்டம் என்னவோ அருமை. நடைமுறையில் அந்த ஒரு மணி நேரம் கணக்குப் பாடத்துக்கோ, மாதிரித் தேர்வுக்கோ போய்விடுகிறது. தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் உண்டு. “வீட்ல படிச்சுக்கங்க” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித் திருப்பியவன்தான். எவ்வளவு பெரிய தப்பு என்று ஒரு பையன்தான் புரியவைத்தான்.

எட்டாவது படித்தான். கபடி நன்றாக ஆடுவான். திடீரென்று பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். சித்திரை வெயிலில் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பான். ஒருநாள் ஆய்வகத்தில் தனியாக இருந்தபோது கேட்டேன். நெடுநேரம் கழித்துச் சொன்னான்: “மார்ல கட்டி மாதிரி வீங்குது சார். நான் பொண்ணா மாறிடுவேனா?” அந்த வயதில் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் பையன்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு மார்பு கொஞ்சம் வீங்கும், லேசாக வலிக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே வற்றிவிடும். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். யாரும் சொல்லாததால் ஐந்து மாதம் பயந்துகொண்டே இருந்திருக்கிறான்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இப்படித்தான். அது இயல்பு, நோய் இல்லை, உடம்பு பலவீனமாவதும் இல்லை. பள்ளி இதைச் சொல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு சுவரொட்டி சொல்லும். “இளமையில் செய்த தவறு” என்று பயமுறுத்தி, லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்கிறவர்களிடம் பையன்கள் சேமித்த காசையும் நிம்மதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இன்னொன்று பிறப்புறுப்பு சம்பந்தப்பட்டது. விதைப்பையில் திடீரென்று கடுமையான வலி, வீக்கம், கூடவே வாந்தி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் இது அதிகம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் அந்த விதையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு விடியட்டும் என்று படுத்திருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை மட்டுமாவது ஒவ்வொரு ஆண்டும் எல்லா வகுப்புப் பையன்களிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள் என்று சக ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

யாரிடம் போய்ச் சொல்வது

ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்கிற வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 2014 ஜனவரி 7 அன்று தொடங்கியது. 10 முதல் 19 வயது வரை உள்ள இரு பாலாருக்கும் உரியது. இதன் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வளரிளம் பருவத்தினருக்கென்று தனி ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. ஆலோசகரோடு தனியாகப் பேசலாம், கட்டணம் இல்லை, பேசியதை வெளியே சொல்ல மாட்டார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் உட்கார்ந்திருக்கிற வரிசையைப் பார்த்ததும் பையன்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை ஓர் ஆசிரியரோ அப்பாவோ கூடப் போய் அறையைக் காட்டிவிட்டு வெளியே நின்றால் போதும், இரண்டாவது தடவை அவனே போவான்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும். குறை ஏதும் இருந்தால் மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள், அந்தச் சிகிச்சையும் இலவசம். அந்தச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கசங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் குழு வந்துபோன அன்று சாயங்காலம் பையைத் திறந்து பாருங்கள்.

மனசு சரியில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று கிடையாது. ஆம்பளப் புள்ள அழலாமா என்று கேட்டே வளர்த்த பிள்ளை நேருக்கு நேர் உட்கார்ந்து பேச மாட்டான். முகம் தெரியாத குரலிடம் பேசுவான்.

அப்புறம் போக்சோ. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற 2012ஆம் ஆண்டுச் சட்டம் இது. பெண் குழந்தைகளுக்கான சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாத எவரும். பையனும் அதில் அடக்கம். மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல், 52.94 சதவீதம், ஆண் பிள்ளைகள். ஒரு பையன் வந்து சொன்னால் “நீ ஆம்பளதானே, விடு” என்று சொல்லி அனுப்புவது மனிதாபிமானம் இல்லாத செயல். சட்டப்படியும் குற்றம்: தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. பிள்ளைகளே நேரடியாகக் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம்.

அதே சட்டத்தின் மறுபக்கத்தையும் பையன்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். 18 வயது நிரம்பாத பெண் விரும்பியே வந்தாள் என்பது போக்சோவில் எடுபடாது. பையனும் 18க்குக் கீழே என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 16 வயது முடிந்தவன் மீது கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் ஆராயவும் சட்டத்தில் இடமுண்டு. ஒரு நிர்வாணப் படத்தை ஃபார்வர்டு செய்வது விளையாட்டு என்று நினைக்கிற வயது அது. போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்துகொள்வதற்கு முன்னால் வகுப்பறையில் தெரிந்துகொள்ளட்டும்.

அடி விஷயமும் பையன்களைத்தான் அதிகம் தொடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. “நாலு போடு போடுங்க சார், கண்ணை மட்டும் விட்டுட்டு” என்று பெற்றோரே வந்து சொன்னாலும் அடிக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை.

புகையிலையைப் பொறுத்தவரை, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தக் கடையும் அதை விற்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 77இன்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கும். உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பையோடு பையன் பிடிபட்டால் அவனை டிசி கொடுத்து அனுப்பாதீர்கள். விற்ற கடையைப் பிடியுங்கள், பையனை ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள்.

சரி, இதையெல்லாம் எங்கே கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில். கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் பள்ளியின் நலவாழ்வுத் தூதுவர் ஆசிரியர்கள் யார் யார்? இந்த மாதம் எத்தனை வகுப்பு எடுத்தார்கள்? பையன்களுக்குத் தனியாகப் பேச நேரம் ஒதுக்கினீர்களா? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அடுத்த மாதம் எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

எங்கள் வகுப்பில் இப்போது மாத்திரை நாளில் நானும் பையன்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பயிற்சிக்குத் திரும்பிய அந்தக் கபடிப் பையன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அவன் முதலில் எழுந்து மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வான். அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையில் வருகிறார்கள். போன வாரம் ஜன்னலுக்குக் கீழே இரண்டு மாத்திரைதான் கிடந்தது.